‘தி ரோடு’ படித்தவர்கள் வரவும்: பசி வந்தால் மனிதன் மனிதனைத் தின்பானா?

எண்ணூர் முகத்துவாரம்:
கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோடு’ நாவலை நேற்று ராத்திரி முடித்தேன். 2006-ல் வந்தது, அடுத்த வருடமே புலிட்சர் பரிசு வாங்கியது. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: உலகம் எரிந்து முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மரம், மாடு, பறவை எதுவும் மிச்சமில்லை. எங்கும் சாம்பல். ஓர் அப்பாவும் சின்னப் பையனும் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு தெற்கே கடலைப் பார்த்து நடக்கிறார்கள். வழியில் இருப்பவர்களில் பலர் ஆளைப் பிடித்துத் தின்கிறவர்கள். முடிவு வரை பேசப் போகிறேன், இனிமேல்தான் படிக்க வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிவிடுங்கள்.

சாம்பலை நன்றாக எழுதியிருக்கிறார். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையை எடுத்து, படிந்த சாம்பலை உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளும் ஊரில் வளர்ந்தவன் நான், அதில் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நடப்பதைப் படித்தபோது எங்கள் தெருவைத்தான் பார்த்தேன். ஆனால் மனிதர்களைப் பற்றி அவர் சொல்வதை நம்ப முடியவில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எங்கள் பக்கம் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, என்னவென்று யாருக்கும் தெரியாது. சுனாமி வந்த அதே தேதி வேறு. உலகம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். அப்போதும் ஒரு கதவு விடாமல் தட்டி எழுப்பிக்கொண்டுதான் ஓடினோம். இன்னொன்று, ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பஞ்சம் வந்தபோது இங்கே கஞ்சி காய்ச்சினார்கள். அவர் நாவலில் வீட்டுக்கு அடியில் ஆட்களை அடைத்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறார்கள். பயமுறுத்த வேண்டும் என்பதற்காக மனிதனை இவ்வளவு கேவலமாகக் காட்டணுமா?

கொருக்குப்பேட்டை கேட்:
அண்ணே, கஞ்சித்தொட்டியில் கஞ்சி இருந்ததற்குக் காரணம் எங்கேயோ அரிசி இருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

2015 வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் ஃபைபர் போட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள். நானும் பெருமையாகச் சொல்வேன். அதே வாரம் அரை லிட்டர் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு வாங்கியவனும் நான்தான். விற்றவர் வெளியூர்க்காரர் இல்லை, தினம் வணக்கம் சொல்கிற ஆள். தண்ணீர் நின்றது சில நாள். அதற்கே நூறு ரூபாய். எத்தனை வருடம் போனாலும் எந்த லாரியும் வராது, எந்த வயலும் விளையாது என்றால்? அந்தக் கேள்வியைத்தான் நாவல் கேட்கிறது. உங்கள் அமோனியா ராத்திரிக்கு விடியல் இருந்தது.

1782-ஐச் சொன்னீர்கள், தாது வருஷத்தை ஏன் விட்டீர்கள்? 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். நாட்டை விட்டுத் தானியம் கப்பலேறுவது அப்போதும் நிற்கவில்லை. நிவாரண வேலை செய்பவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று குறைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள், வயிறு நிறையச் சாப்பிட்ட பிரிட்டிஷ் அதிகாரி. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நம் ஆட்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தில் தானமும் ஒன்று.

மீன்பாடி:
பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நடுவில் ஒரு சின்ன விஷயம். கதை முழுக்க அந்த அப்பா தள்ளுவண்டிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிறாரே, நம்ம மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று இருந்திருந்தால் பாதிப் பக்கத்தில் கடலுக்குப் போயிருப்பார்.

ஆனால் ஓர் இடத்தில் மனுஷன் நம்ம ஆளுதான். உலகம் எரியத் தொடங்கும் நேரம், 1:17-க்குக் கடிகாரம் நிற்கிறது, வானத்தில் வெளிச்சம், தூரத்தில் தடதடவென்று சத்தம். உடனே அவர் என்ன செய்கிறார்? பாத்டப்பில் தண்ணீர் பிடிக்கிறார்! மனைவி வந்து இந்த நேரத்தில் ஏன் குளிக்கிறாய் என்று கேட்கிறாள். எங்கள் அம்மா என்றால் கேட்டிருக்கவே மாட்டார், அடுத்த குடத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருப்பார்.

பேசின் பிரிட்ஜ்:
எனக்குக் கதையில் பிரச்சினை இல்லை. பேச்சுக்கு மேற்கோள் குறி கிடையாது, அத்தியாயம் கிடையாது, அப்பாவுக்கும் பையனுக்கும் பெயர்கூடக் கிடையாது. யார் பேசுகிறார்கள் என்று விரல் வைத்து எண்ண வேண்டியிருந்தது. ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட்:
ஓலைச்சுவடியில் புள்ளிகூட வைக்காமல் எழுதிப் படித்த பரம்பரை சார் நாம். இதற்குப் போய் மூடலாமா?

வண்ணை வாசகி:
எல்லோரும் பேசுகிறீர்கள், அந்தப் பையனுடைய அம்மாவைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே. பிடிபட்டால் தனக்கும் பிள்ளைக்கும் என்ன நடக்கும் என்று தெரிந்து, இனிமேல் முடியாது என்று ஒரு ராத்திரி எழுந்து போய் உயிரை விட்டவள். அவளுக்குச் சில பக்கம்தான் கொடுத்திருக்கிறார். படித்தவர்களில் பாதிப் பேர் ‘பிள்ளையை விட்டுப் போனாளே’ என்று அவளை ஏசுகிறார்கள்.

நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இப்படி ஏசலாமா? பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். அவளுக்குக் கோயில் வைத்திருக்கிறோம். என் ஆயா அந்தக் கதை சொல்லும்போது திட்டியது நல்லதங்காளை இல்லை, வந்தவளுக்குச் சோறு போடாத அண்ணி மூளி அலங்காரியை. நம் கதையில் குற்றவாளி பசி இல்லை, பானையை மறைத்தவள். மெக்கார்த்தி உலகத்தில் மறைக்கவும் பானை இல்லை. கேட் தம்பி சொல்வது அந்த அளவுக்குச் சரி.

ஆனால் அந்த அப்பா என்ன உயர்த்தி? துப்பாக்கியில் மிச்சமிருக்கும் ஒரே குண்டை யாருக்காக வைத்திருக்கிறான்? பையனுக்காக. கடைசியில் தன்னால் முடியாது என்று செத்துப்போகிறான். அவள் சொன்னதைத்தான் இவன் கதை முழுக்கச் சட்டைக்குள் சுமக்கிறான். அவள் கோழை, இவன் தியாகியா?

எண்ணூர் முகத்துவாரம்:
அக்கா, நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். முடிவைப் பாருங்கள். அப்பா செத்து மூன்று நாளில் ஒரு நல்ல குடும்பம் வந்து நிற்கிறது. புருஷன், பெண்டாட்டி, ஒரு பையன், ஒரு பெண் குழந்தை. அதுவும் இவர்களைப் பார்த்துவிட்டு, பின்னால் வரலாமா வேண்டாமா என்று ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள். அதாவது நல்லவர்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்! முந்நூறு பக்கத்துக்கு அருகில் ஒளித்து வைத்துவிட்டுக் கடைசியில் எடுத்து நீட்டுவது கடைக்காரன் வேலை.

கொருக்குப்பேட்டை கேட்:
ஒளித்து வைத்தவர் எழுத்தாளர் இல்லை அண்ணே, அந்த அப்பா. நடுவில் ஓர் ஊரில் பையன் தன் வயசுப் பையன் ஒருவனைப் பார்க்கிறான். கூட்டிக்கொண்டு போகலாம் என்று அழுகிறான். அப்பா இழுத்துக்கொண்டு போகிறார். கடற்கரையில் வண்டியைத் திருடியவனைப் பிடித்து, உடம்பில் ஒரு துணி விடாமல் கழற்ற வைத்துக் குளிரில் நிறுத்திவிட்டு வருகிறார். பையன் அழுத அழுகையில் திரும்பிப் போகிறார்கள், ஆளைக் காணோம். துணியைச் சாலையில் வைத்துவிட்டு வருகிறார்கள். நான் அவனைக் கொல்லப் போவதில்லை என்கிறார் அப்பா. ஆனால் நாம் கொன்றுவிட்டோம் என்கிறான் பையன். எனக்கு அந்த நிலவறையைவிட இந்த இடம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. இவர் தின்கிறவர் இல்லை, கெட்டவரும் இல்லை. பிள்ளை வைத்திருக்கிற ஒரு சாதாரண அப்பா. யார் கதவையும் தட்ட மாட்டார், அவ்வளவுதான்.

நீங்கள் ஒரு கதவு விடாமல் தட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். குத்திக் காட்டுவதாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எல்லாக் கதவையுமா?

மீன்பாடி:
கேட், இது கொஞ்சம் ஓவர்.

வண்ணை வாசகி:
இல்லை, கேட்கட்டும்.

எண்ணூர் முகத்துவாரம்:
நேற்றே பார்த்தேன், பதில் போடவில்லை.

எல்லாக் கதவையும் தட்டவில்லை. தெருக் கடைசியில் ஓர் ஆயா தனியாக இருந்தார். காது மந்தம், தட்டினால் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திறக்கவே நேரமாகும். என் மகள் தோளில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு மூச்சு இருக்கும். அப்புறம் ஓடிவிட்டேன்.

மெயின் ரோட்டுக்குப் போனால் ஆயா எனக்கு முன்பே ஒரு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார். யார் எழுப்பினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்து, ‘குழந்தைக்கு முதலில் முகம் கழுவு’ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நாவல் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. அந்தத் திருடன் வருகிற பக்கங்களை மட்டும் மறுபடி படித்தேன்.