புதுப்பிப்பு: எழுத்துக் கூட்டியே படித்த ஐந்தாம் வகுப்புப் பையன்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. காசிமேட்டில் நான் எடுக்கும் மாலை டியூஷனில் ஒரு பையன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான், படித்ததன் பொருளும் தெரியவில்லை என்று ஜூனில் கேட்டிருந்தேன்.

தினமும் சத்தமாகப் படிக்க வைத்தது பெரிதாக உதவவில்லை. 'அவன் பேசுவதை அவனையே எழுத வையுங்கள், நிறுத்தக்குறிகளையும் அவனே போடட்டும்' என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. மீன் ஏலத்தைப் பற்றி ஆறு வரி எழுதினான். ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. அதை மூச்சுவிடாமல் படித்துக் காட்டினேன். "நிறுத்துங்க மிஸ், அங்க முடிஞ்சிடுச்சு!" என்றான். சரி, அங்கேயே முற்றுப்புள்ளி வை என்றேன்.

எதிர்பாராத ஒன்று: 'அக்கா வீட்டுக்குப் போனாள்' என்று எழுதியிருந்தான். போனது அக்காவா, இல்லை அக்கா வீட்டுக்கு வேறு யாராவதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'அக்கா'வுக்குப் பிறகு காற்புள்ளி போட்டான். அன்றிலிருந்து பாடப்புத்தகத்திலும் "இது யாரைச் சொல்றாங்க?" என்று நின்று கேட்கிறான். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

காற்புள்ளி என்றால் மூச்சு விடும் இடம் என்று முதலில் சொல்லிக் கொடுத்தது என் தவறு. கண்ட இடத்திலெல்லாம் போட்டான். பொருள் பிரியும் இடம் என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் குறைந்தது. நீளமான கூட்டுச்சொற்களில் இன்னும் திணறுகிறான்.