மலைப்பாதையில் 25 நிமிடம் ‘நின்ற’ லாரி: ரோட்டில் சிக்னல் தேடிய அனுபவங்கள்

பொள்ளாச்சியில் வண்டிகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டும் ஒரு சின்னக் கடையில் வேலை பார்க்கிறேன். மாட்டுவது பாதி வேலைதான். “என் வண்டி ஏன் மேப்ல நிக்குது?” என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி.

அப்படி ஒரு நாள் ஒரு லாரி முதலாளி கத்தினார். வால்பாறையிலிருந்து தேயிலை இறக்கும் வண்டி. டிரைவர் தினமும் மலைப்பாதையில் 25 நிமிடம் நிறுத்திவிட்டுத் தூங்குகிறாராம். மேப்பைப் பார்த்தால் உண்மைதான்: ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் லாரி, திடீரென்று ஆழியாறு பக்கம் குதிக்கிறது. டிரைவர் அண்ணனைக் கேட்டேன். “நிறுத்தவே இல்லீங்க தம்பி. அந்த ரோட்டுல நிறுத்தினா பின்னாடி வர்ற பஸ்காரன் விட்டுவைப்பானா?” என்றார். அதற்குள் பேட்டாவில் பிடித்தம் ஆரம்பித்துவிட்டது.

சந்தேகம் வந்து பழைய பதிவுகளை வரிவரியாகத் திறந்தேன். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரம் இருக்கும். கருவி செயற்கைக்கோளைப் பார்த்து ‘இங்கே இருக்கிறேன்’ என்று குறித்த நேரம் ஒன்று. அது எங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. இடத்தைக் கண்டுபிடிக்க டவர் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை. சிக்னல் இல்லாவிட்டால் கருவி எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வைத்து, கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டிவிடும். பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கான ஏஐஎஸ் 140 தரத்திலேயே இது கட்டாயம். அந்த 25 நிமிடமும் லாரி நிதானமாக இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதிவுகள் மட்டும் கீழே வந்து ஒரே நிமிடத்தில் கொட்டியிருக்கின்றன. எங்கள் திரையோ கடைசியாக வந்த இடத்தையே காட்டிக்கொண்டு ‘நிற்கிறது’ என்று சொல்லியிருக்கிறது.

அப்போதுதான் யோசனை வந்தது. ஒரு நேரத்திலிருந்து மற்றதைக் கழித்து, இடைவெளி அதிகம் உள்ள இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் சிக்னல் இல்லாத இடங்களின், அதாவது சிக்னல் ‘ஓட்டை’களின், வரைபடம் கிடைத்துவிடுமே! வண்டி எண்களை நீக்கிவிட்டு, அந்த ரோட்டில் போகும் எங்கள் வண்டிகளின் மூன்று மாதப் பதிவுகளைப் போட்டேன்.

முதல் படம் தப்பு. ஏறும் வண்டிகள் காட்டிய ஓட்டையும் இறங்கும் வண்டிகள் காட்டிய ஓட்டையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. சிக்னல் வந்த உடனே கருவி பேசிவிடாது. டவரைத் தேடிப் பிடித்து, சர்வரோடு இணைய அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் என்றால் அரை கிலோமீட்டர். அதனால் ஓட்டை எப்போதும் வண்டி போகும் பக்கமாக இழுபட்டுத் தெரியும். இரண்டு திசையிலும் சிவப்பாக இருக்கும் துண்டை மட்டும் எடுத்த பிறகுதான் படம் படம் மாதிரி ஆனது.

இதுபோல யாருக்காவது அனுபவம் உண்டா?

முன்னாள் டிரைவ் டெஸ்ட் (காரில் போய் மொபைல் சிக்னலை அளக்கும் வேலை) ஊழியர்:
பத்து வருடம் இதே பிழைப்புதான். காரின் பின்சீட்டில் லேப்டாப், நாலு போன், கூரையில் ஜிபிஎஸ் ஆன்டெனா, பக்கத்தில் வாந்தி எடுக்கும் ஜூனியர். சிக்னல் வலிமையை மைனஸ் கணக்கில் பார்ப்போம். 4ஜியில் மைனஸ் 85 வந்தால் நிம்மதி, மைனஸ் 115ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். உங்கள் முறையில் ‘இருக்கிறது, இல்லை’ என்பதுதான் தெரியும். எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தெரியாது. இன்னொன்று, உங்கள் கருவி 2ஜியில் அனுப்புகிறதா, 4ஜியிலா? 2ஜி என்றால், அது பேசுகிற இடத்தில் பயணியின் 4ஜி போன் செத்துக் கிடக்கலாம். இரண்டு கம்பெனிக்கும் மாறிக்கொள்ளும் சிம் இருந்தால் ஒரு கம்பெனியின் ஓட்டையை மற்றது மூடி மறைத்துவிடும். ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: நாங்கள் ஒரு ரோட்டில் ஒரு தடவை போவோம், பகலில் போவோம். உங்கள் வண்டிகள் மழையிலும் இரவிலும் தினமும் போகின்றன. அது எங்களுக்குக் கிடைக்காத வரம்.

மலை ரூட் கண்டக்டர்:
தம்பி, மேப் எதுக்கு, என்னைக் கேட்டிருக்கலாமே! டிக்கெட்டுக்குப் போனில் பணம் அனுப்புகிறேன் என்பவர்களால் எனக்கு எல்லா ஓட்டையும் மனப்பாடம். சுற்றிக்கொண்டே இருக்கும், பணம் போகாது, சில்லறையும் இருக்காது. அதனால் செக்போஸ்ட் தாண்டுவதற்குள் வசூலை முடித்துவிடுவேன். நீங்கள் விட்ட ஒன்று சொல்கிறேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் அதுவும் படுத்துவிடும். அன்றைக்கு ஓட்டை ஒரு ஊரையே விழுங்கிவிடும். வெயில் காலத்தில் எடுத்த மேப்பை வைத்துக்கொண்டு ஆடி மாதம் ஏறாதீர்கள்.

சேலம் பக்கத்து டீக்கடை:
எங்கள் பைபாஸில் கேமராவும் லேசரும் கட்டிய ஒரு வண்டி மெதுவாகப் போனது. மேலே ‘நெட்வொர்க் சர்வே’ என்று இருந்தது. ஓடிப்போய், “சார், கடைக்குள்ள சிக்னலே எடுக்க மாட்டேங்குது” என்று மனு கொடுக்காத குறை. உள்ளே இருந்தவர் சிரித்துவிட்டார். அது ரோட்டு நெட்வொர்க்காம்! குழி, வெடிப்பு, மேடுபள்ளம் அளக்கிற வண்டி. போகிற போக்கில் ஒரு போனையும் அதில் கட்டிவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இங்கிலாந்திலிருந்து:
இங்கே அதைத்தான் செய்கிறார்கள். சில உள்ளாட்சிகள் குப்பை லாரிகளில் அளவெடுக்கும் போன்களை வைத்து அனுப்புகின்றன. தனியாக வண்டி, டீசல், ஆள் எதுவும் வேண்டாம். வாராவாரம் எல்லாத் தெருவுக்கும் அது எப்படியும் போகத்தானே வேண்டும். குப்பை லாரி போகாத நெடுஞ்சாலைக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.

பதிவிட்டவர்:
கண்டக்டர் அண்ணா, நீங்கள் சொன்னபடி மாதவாரியாகப் பிரித்துப் போட்டேன். ஆடி மாதப் படத்தில் புதிதாக இரண்டு சிவப்புத் துண்டுகள்!

4ஜி, 2ஜி கேள்விக்கு: எங்கள் கருவிகளில் பாதி பழைய 2ஜிதான். அதனால் இனி இரண்டையும் தனித்தனியாக வரைகிறேன்.

படத்தை ஏ4 தாளில் அச்சடித்து டிரைவர்களுக்குக் கொடுத்தோம். ‘இந்த வளைவுக்கு முன் வீட்டுக்குப் பேசிவிடவும்’ என்று ஒருவர் பேனாவால் எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறார். எங்கள் திரையிலும் ‘நிற்கிறது’ என்பதை மாற்றி, ஐந்து நிமிடம் பதிவு வராவிட்டால் ‘தகவல் வரவில்லை’ என்று சாம்பல் நிறத்தில் காட்டும்படி செய்யச் சொல்லிவிட்டேன்.

அந்த லாரி டிரைவரிடம் பிடித்தம் செய்த பேட்டாவில் ஒரு மாதத்துக்கு உண்டானது மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு முதலாளியிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.