'குட்டிச் சூனியக்காரி' என்று சொல்லலாமா? ஒரு ஜெர்மன் சிறுவர் படம் பற்றிய ஐயம்

கேட்பவர்: வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

கோடை விடுமுறையில் ஞாயிறுதோறும் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் பிள்ளைகளுக்குப் படம் காட்டி வருகிறோம். அடுத்த வாரத்துக்கு, ஓட்ஃப்ரீட் ப்ராய்ஸ்லர் 1957இல் எழுதிய சிறுவர் நூலைத் தழுவி 2018இல் வெளியான 'டீ க்ளைனெ ஹெக்ஸெ' ('குட்டிச் சூனியக்காரி') என்ற ஜெர்மன் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். ஆங்கில சப்டைட்டிலைப் படிக்கும் வயது எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை என்பதால், ஒலியைக் குறைத்துவிட்டு நானே மைக்கில் தமிழில் கதை சொல்வது வழக்கம்.

நாயகிக்கு வயது 127. அவள் கூட்டத்தில் அது சின்ன வயது. ஏப்ரல் 30ஆம் தேதி இரவு, அதாவது நமக்குச் சித்திரை பாதி கழிந்த வேளையில், பெரியவர்கள் மட்டும் ப்ளோக்ஸ்பெர்க் மலையில் கூடி ஆடும் ஆட்டத்துக்கு அழைப்பில்லாமல் போய் மாட்டிக்கொள்கிறாள். ஓர் ஆண்டுக்குள் 'நல்ல சூனியக்காரி' ஆகிவிட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். போன வாரம் நான் படத்தின் பெயரைச் சொன்னதுமே ஒரு பையனின் தாயார், "சூனியம் என்ற பேச்சைப் பிள்ளைகள் காதில் போடாதீர்கள்" என்றார். அவரைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு சொல் உண்டா?

பதில் 1: குடந்தைத் தமிழாசிரியர்

சொல்லை மாற்றும் முன் 'நல்ல' என்பதைச் சற்றுக் கவனியுங்கள். இந்தக் கதையின் அச்சாணியே அதுதான். மூத்தவர்கள் 'நல்ல' என்று சொல்லும்போது, தொழிலில் தேர்ந்தவள், அதாவது கெடுதல் செய்வதில் கைகாரி என்று பொருள் கொள்கிறார்கள். அவளோ நன்மை செய்பவள் என்று புரிந்துகொண்டு ஆண்டு முழுவதும் உபகாரம் செய்துவிட்டுப் பரிசு கிடைக்கும் என்று போய் நிற்கிறாள். பிற மொழிக்காரர்கள் இதற்கு என்ன பாடுபட்டார்களோ, நமக்கு அந்தச் சிரமமே இல்லை. வரப்பில் நல்ல பாம்பைப் பார்த்த பிள்ளைகளிடம் போய், "அந்தப் பாம்பு நல்லதா?" என்று கேளுங்கள், அவர்களே சிரித்துக்கொண்டு விளக்கிவிடுவார்கள். படம் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் முடிவு வரும்போது நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

நாயகிக்கு ஒரு சொல், மற்றவர்களுக்கு ஒரு சொல் என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். அவர்களை 'சூனியக்காரிகள்' என்றும் இவளைத் 'தேவதை' என்றும் சொன்னால் கதை அங்கேயே படுத்துவிடும். அவளும் அதே இனம், அதே மந்திரப் புத்தகம், அதே துடைப்பம் என்பதில்தான் சுவை.

பதில் 2: மழைக்கஞ்சி

பிள்ளைகள் பயப்படமாட்டார்கள். பயப்படுவது நாம்தான். தாராளமாகப் போடுங்கள்.

பதில் 3: கோரையாற்று வாசகி

மேலே எழுதியவர் இவ்வளவு எளிதாகக் கடந்துபோயிருக்க வேண்டாம். நான் வளர்ந்த ஊரில், கணவரை இழந்து தனியாக இருந்த ஒரு பாட்டி, மாடு கன்று போட்டு இறந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் 'அவள் வைத்த சூனியம்' என்ற பேச்சைச் சாகும் வரை சுமந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நகரத்துப் பிள்ளைக்கு அது கதைப்புத்தகச் சொல். எங்களுக்கு அது ஆளைக் குறிப்பிட்டு எறியும் கல். அந்தத் தாயார் எதை நினைத்துச் சொன்னார் என்பது எனக்கு விளங்குகிறது.

சொல்லை மாற்றுவதால் மூலத்துக்குத் துரோகம் என்று யாரேனும் சொன்னால், இதே நூலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைப் புதிய பதிப்பிலிருந்து நீக்கப்போவதாக 2013இல் அதன் ஜெர்மன் பதிப்பகமே அறிவித்தது என்பதையும், அதன்மேல் அந்நாட்டில் பெரும் வாதம் நடந்தது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ப்ராய்ஸ்லர் காலமானார். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், பொல்லாத சூனியக்காரிகளை எண்ணி அஞ்சிய தம் மகள்களின் அச்சத்தைப் போக்கவே இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். பிள்ளையின் அச்சத்திலிருந்து பிறந்த கதையைப் பிள்ளைக்கு அச்சம் தரும் சொல்லில் சொல்லுவானேன்? எல்லோரையும் 'மந்திரக்காரி' என்றே சொல்லுங்கள். அவள் 'குட்டி மந்திரக்காரி'. ஆசிரியர் ஐயா கேட்ட ஒற்றுமையும் கெடாது.

இன்னொன்று. கதையின் முடிவில் அவள் மூத்தவர்களின் மந்திர சக்தியைப் பறித்து, துடைப்பங்களையும் மந்திரப் புத்தகங்களையும் குவித்து எரிக்கிறாள். ஜெர்மானிய நிலப்பகுதிகளில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இதே பழியைச் சுமத்தி ஆயிரக்கணக்கான பெண்களை எரித்தார்கள். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப்போய் எரித்த ஊர்கள் நம்முடையவை. அதனால் எரியும் காட்சியில் எரிவது பொருள்கள், ஆட்கள் அல்லர் என்பதைச் சற்று அழுத்திச் சொல்லுங்கள்.

பதில் 4: குடந்தைத் தமிழாசிரியர்

அம்மா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், 'மந்திரக்காரி' போதும். மழை என்றதும் நினைவு வருகிறது. புத்தகத்தின் தொடக்கத்தில் குட்டி மந்திரக்காரி மழை வரவழைக்கப் பழகுகிறாள். முதலில் வெள்ளெலிகள் விழுகின்றன, பிறகு தவளைகள், பிறகு ஊசியிலை மரத்துக் காய்கள், கடைசியில் மோர். சித்திரை வெயிலில் மேட்டூர் எப்போது திறக்கும் என்று வானத்தையும் அணையையும் மாறி மாறிப் பார்க்கும் ஊரில் மோர் மழையைச் சொல்லாமல் விடாதீர்கள்; படத்தில் அது எப்படி வந்திருந்தாலும், நீங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: வெண்ணாற்றங்கரை

இருவருக்கும் நன்றி. 'குட்டி மந்திரக்காரி' என்று தட்டியில் எழுதிவிட்டேன். அந்தத் தாயாரிடம் காட்டினேன். "இது பரவாயில்லை" என்றவர், தானும் வந்து உட்காருவதாகச் சொன்னார். அவளுடன் இருக்கும் பேசும் பறவையின் பெயர் அப்ராக்ஸாஸ், பிள்ளைகளின் வாயில் நுழையாது. அது அண்டங்காக்கை என்பதால் 'அண்டங்காக்கை மாமா' ஆக்கிவிட்டேன். எந்நேரமும் அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருக்கும் அதற்குக் குரல் கொடுக்க என் மாமனார் இசைந்திருக்கிறார். அவருக்கு ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை.