நடிகருக்கு இயக்குநர் நடித்துக் காட்டலாமா?

மலைக்கோட்டை:
எங்க பேங்க் மனமகிழ் மன்றத்துக்காக நாற்பது நிமிஷ நாடகம் போடுறோம். எழுதினது நான்ங்கிறதால டைரக்‌ஷனும் என் தலையில விழுந்திருச்சு. ரிகர்சல்ல எல்லார் வசனத்தையும் நானே பேசிக் காட்டிக்கிட்டிருக்கேன். அப்பா வேஷம் போடுற கேஷியர், ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கிற மனுஷன், "தம்பி, நீங்களே நடிச்சிருங்க, நான் டீ வாங்கிட்டு வரேன்"னுட்டார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், ஆனா சுருக்குனு இருந்துச்சு. நடிச்சுக் காட்டுறது தப்பா? காட்டலைன்னா டைரக்டருக்கு வேற என்னதான் வேலை?

பின்வரிசை:
தப்புன்னு சொல்ல மாட்டேன். நம்ம ஊர்ல சின்னப் பசங்களை வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக் காலத்துலேர்ந்து அதான் வழக்கம். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைங்கிற பாய்ஸ் கம்பெனியை நடத்தினப்போ பாட்டு, வசனம் எல்லாம் சொல்லிக் குடுத்தது அவர்தான். அவருக்குப் பேரே வாத்தியார்தானே. ஆனா அங்க சேர்ந்தப்போ, பின்னாடி பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகத்துக்கு வயசு ஆறு. உங்க கேஷியருக்கு ஐம்பத்தெட்டு!

ரஷ்ய நாடக டைரக்டர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியும் 1898-ல செகாவோட 'கடற்பறவை' நாடகத்துக்கு யார் எப்போ எழுந்திரிக்கணும், எங்க மௌனமா இருக்கணும்னு முன்கூட்டியே எழுதி வச்சவர்தான். நாடகம் அமோகமா ஓடுச்சு. பிற்காலத்துல அவரே அந்த வழியை விட்டுட்டு, முதல்ல நடிகர்களையே செஞ்சு பார்க்கச் சொன்னார்.

நான் ரொம்ப வருஷம் முன்னாடி சென்னையில ஒரு சின்னக் குழுவுக்கு லைட் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு காட்சியில மகன் எழுதின கடுதாசியை அம்மா படிக்கணும். அழுகை பொய்யாவே வந்தது. டைரக்டர் அழுது காட்டலை. அந்தம்மாவோட மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டுப் போய் மறுகோடியில தண்ணிப்பானைக்குப் பின்னால வச்சார். "கடுதாசி வந்தாச்சு, படிங்க." அவ்வளவுதான். அவங்க கடுதாசியைப் பிடிச்சுக்கிட்டே இடுப்பைத் தடவுறாங்க, தலையணையைத் தூக்கிப் பார்க்கிறாங்க, கடைசியில பானைக்கிட்ட வந்து கண்ணாடியைப் போடுறதுக்குள்ள கை நடுங்குது. அழவே இல்லை. நான் லைட்டை இறக்க மறந்துட்டேன், திட்டும் வாங்கினேன்.

இன்னொண்ணு: கேஷியர் மூஞ்சிக்கு முன்னால நிக்காதீங்க. ஹால்ல கடைசி நாற்காலிக்குப் போங்க.

களரி:
மட்டக்களப்பில இருந்து எழுதுறன். எங்கட கூத்தில அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கிறவர், ஆடிக் காட்டாம ஒண்டும் நடக்காது. ஆள் தெரிஞ்சு சட்டம் குடுப்பார், அதாவது அவரவர் வேஷத்துக்குரிய பாட்டு. மறுகா மாசக்கணக்கா ராவில பழக்கம். தாளக்கட்டை வாயால விளங்கப்படுத்த ஏலா, கால்தான் காலுக்குச் சொல்லவேணும்.

ஆனா அரங்கேத்தத்தண்டு அவர் பின்வரிசையில இருக்கமாட்டார். களரிக்கு, அதாவது கூத்து ஆடுற இடத்துக்கு, நடுவில மத்தளத்தோட நிப்பார். என்ட பெரியப்பா தருமர் வேஷம் கட்டி, விடியப்புறம் பாட்டை மறந்து நிண்டாராம். அண்ணாவியார் மத்தளத்தை நிப்பாட்டாமலே அடுத்த வரியை எடுத்துக் குடுக்க, பிற்பாட்டுக்காரர் பிடிச்சிக்கிட்டாங்க. சனத்துக்கு விளங்கவே இல்ல. உங்கட டைரக்டருக்கு நாடகம் துவங்கினாப் பிறகு என்ன வேலை?

பின்வரிசை:
கையைப் பிசையுறதுதான். எங்க ஆள் மணி அடிச்சதும் வாசலுக்குப் போய் சிகரெட் பத்த வச்சிருவார். உள்ளே யாராவது மறந்தா சைடுல நோட்டோட நிக்கிற பிராம்ப்டர் பாடு.

மலைக்கோட்டை:
ரெண்டு பேருக்கும் நன்றி. கண்ணாடி வித்தையை அப்படியே கேஷியர்கிட்ட போட்டேன். "எனக்கேது தம்பி கண்ணாடி, போன வருஷமே கண் ஆபரேஷன் ஆயிருச்சே"ன்னார். கடைசி நாற்காலி விஷயம்தான் கைகொடுத்துச்சு. அங்கேர்ந்து என் வசனத்துல பாதி காதுல விழலை, ஆனாலும் கதை புரியுது. மூணு பக்கத்தை அடிச்சுட்டேன். கேஷியர் டீ வாங்கிக் குடுத்தார்.