அவன் காதைப் பொத்திக்கொண்ட காலை: பெற்றோர் சிலர் பகிர்ந்தவை

தக்கலையிலிருந்து ஒரு தாய்

பள்ளி வேன் முக்கில் வந்து நிற்பதற்கு முந்தைய 20 நிமிடங்கள் எப்படிப்பட்டவை என்று இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் மகனுக்கு 4 வயது. ஜூன் மாத மழையில் துணி எதுவும் காயாதிருந்த ஒரு நாள், ஈரக் காலுறையைப் போடமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அடுப்படியிலிருந்து அவனை நோக்கி நடந்தேன். ஒரு சொல்கூட இன்னும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டான். நான் கத்தப்போகிறேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று நான் கத்தவில்லை. காலுறை இல்லாமலே அனுப்பிவைத்தேன். ஒருநாளும் பிள்ளையை அடித்ததில்லை என்பதால் என்னைப் பொறுமைசாலி என்றே எண்ணியிருந்தேன். அந்தச் சிறு கைகள் கண்ணை விட்டு அகல மறுக்கின்றன.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து

என் கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதத்திற்கு மேலாகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோதும் அவர் கடலில்தான் இருந்தார். அந்த நாட்களில் எங்கள் கரை எப்படி இருந்தது என்பது குமரி மாவட்டமே அறிந்தது. என்னை உறுத்துவது வேறொன்று. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, 7 வயது மகள் அலமாரியில் மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் இழுத்துக் கீழே போட்டிருந்தாள். இருக்கிற வேதனையில் இது வேறா என்று கத்திக்கொண்டே கையை ஓங்கிவிட்டேன். அவள் கையில் இருந்தது அவளுடைய அப்பா உடுத்தும் சாரம், அதாவது கைலி. போர்த்திக்கொண்டு படுப்பதற்காகத் தேடி எடுத்திருக்கிறாள். அவர் உயிரோடு திரும்பிவிட்டார். அந்த ஓங்கிய கைக்காக மகளிடம் நான் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி

தக்கலைச் சகோதரி கத்துவதையும் அடிப்பதையும் ஏறக்குறைய ஒன்றாகவே எழுதியிருக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. புளியங்கம்பால் அடி வாங்கி வளர்ந்த எனக்கு அந்த வேறுபாடு உடம்பில் தெரியும். பொறுமை என்பது மனத்தில் மட்டும் இருப்பதுமல்ல. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு எழுந்து தோட்டத்திற்குப் போகிறவனுக்கு, மாலையில் மகள் கணக்குப் புத்தகத்தோடு வரும்போது எஞ்சியிருப்பது எரிச்சல்தான். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனால் அன்று தூங்கி எழுந்து, அவளோடு உட்கார்ந்து, தவறாகப் போட்ட கணக்கையே மூன்று முறை சொல்லிக்கொடுக்க என்னால் முடிகிறது. அப்படி ஒரு நாள் இரவு, "நாளைக்கும் மழை உண்டா அப்பா?" என்று கேட்டாள். மழை பெய்தால் கஞ்சிக்கு எங்கே போவது என்று சீறிவிட்டேன். அவள் எதற்காக மழையைக் கேட்டாள் என்பது மறுநாள் மரத்தடியில் நிற்கும்போதுதான் புரிந்தது.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியை

என் மகனுக்கு 40 வயது கடந்துவிட்டது. நான் குரலைச் சற்று உயர்த்தினால் இன்றும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறான். ஆகவே, அடியை விடக் கத்தல் இலேசானது என்ற தம்பியின் வாதத்தை நான் மறுக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. வீட்டுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியுமா? உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகும் என்கிறார்கள். 4 வயதுப் பிள்ளை அடம்பிடிப்பது நம்மை எதிர்ப்பதற்காக அல்ல. பிள்ளை அழும்போது நின்றுகொண்டு பேசாதீர்கள், குத்தவைத்து உட்கார்ந்து, அதன் கண்மட்டத்திற்கு இறங்கி, "ஈரம் பிடிக்கவில்லை, அப்படித்தானே?" என்று அதன் வருத்தத்திற்கு ஒரு பெயர் கொடுங்கள். "போடு" என்று ஆணையிடுவதைவிட, "நீயே போடுகிறாயா, நான் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டால் பிள்ளைக்கும் ஒரு பிடி கிடைக்கும். பைகளையும் துணிகளையும் இரவே எடுத்து வையுங்கள். அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். அழுது முடிக்க விடுங்கள், பக்கத்தில் மட்டும் இருங்கள். கோபம் தலைக்கேறினால், பிள்ளையைப் பத்திரமான இடத்தில் இருத்திவிட்டு முற்றத்திற்குப் போய் மூச்சு வாங்கி வருவதில் பிழையில்லை. நாள்தோறும் அப்படியே ஆகிறதென்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இலவசமாகப் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். தூத்தூர் மகளே, மன்னிப்புக் கேட்கக் காலம் கடந்துவிடவில்லை. நான் என் மகனிடம் கேட்டபோது அவனுக்கு 36 வயது.

மீண்டும் தக்கலையிலிருந்து

ஆசிரியை அம்மா, குத்தவைத்து உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன். ஆனால் குலசேகரத்து அண்ணன் தூக்கத்தைப் பற்றி எழுதியதை நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. நேற்று இரவு மகனுடைய முதுகைத் தடவிக்கொண்டே, அன்று ஏன் காதைப் பொத்தினாய் என்று கேட்டேன். "சத்தம் வரும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கையை இழுத்துக் கன்னத்தின் அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.