எல்க் வேட்டைக்குச் சுமை தூக்கப் போறேன், என்ன தயார் பண்ணணும்?

தேயிலைக்காரன், மூணாறு:
தங்கச்சி வீட்டுக்காரர் அமெரிக்காவுல கொலராடோவில் இருக்கார். அக்டோபர்ல துப்பாக்கியால வேட்டையாட விடற ரைபிள் சீசனுக்கு, பெண் எல்க் (அங்கத்துப் பெரிய மான்) சுட உரிமம் கிடைச்சிருக்கு, கூட வாங்கன்னு கூப்பிடறார். நான் துப்பாக்கி தொடப்போறதில்லை. கூட நடக்கணும், கறி சுமக்கணும், அவ்வளவுதான். இருபது வருஷம் எஸ்டேட் மேட்டுல ஏறி இறங்கின காலு. முகாம் 10,000 அடியில, 5 நாள். முதல்ல எதைக் கவனிக்கணும்?

மறையூர்வாசி:
அண்ணே, எங்கப்பா சின்னாறு சரணாலயத்தில் வாட்சரா இருந்தவர். மிளா (கடமான்) பார்க்கக் கூட்டிட்டுப் போனா முதல்ல காத்தைப் பார்க்கச் சொல்வார். விடியக்காலம் குளிர்காத்து பள்ளத்துக்கு இறங்கும், வெயில் ஏறினா மேலே ஏறும். எல்க்கும் மிளா ஜாதிதான், மூக்குதான் அதுக்குக் காவல். காலையில கீழேயிருந்து நெருங்குங்க.

பீர்மேட்டுக்காரன், கொலராடோ:
காத்து விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா அண்ணே, சுட்டதுக்கு அப்புறம் வர்ற வேலையை முதல்ல யோசிங்க. பெண் எல்க்கே 200 கிலோவுக்கு மேல வரும். எலும்பு எடுத்த கறி 70 கிலோன்னு வைங்க, ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு நடை. வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி நின்னா, சுமையோட ரெண்டு தடவை, நடுவுல வெறுங்கையோட திரும்பி ஒரு தடவை, ஆளுக்கு 15 கிலோமீட்டர்.

என் முதல் வருஷம், இருட்டுற நேரத்துல ஒரு பள்ளத்துக்குள்ள சுட்டேன். குளிர்தானேன்னு தோலை உரிக்காம விட்டுட்டு வந்துட்டேன். அந்தத் தோல் கம்பளி மாதிரி, சூட்டை வெளியே விடாது. விடிஞ்சு போய்ப் பார்த்தா தொடை எலும்பை ஒட்டின கறி கெட்டு நாறுது. அவ்வளவு பெரிய உயிரை எடுத்து வீணாக்கினது இன்னும் மனசுல அறுக்குது. உடனே உரிச்சு, தொடை தொடையா பிரிச்சு, காத்து போற துணிப்பையில போட்டு நிழல்ல தொங்கவிடணும். எந்தப் பள்ளத்துல சுடக்கூடாதுன்னு மச்சானோட முன்னாடியே பேசி வைங்க.

உயரத்தையும் லேசா நினைக்காதீங்க. ஆனமுடி உச்சியே 2,695 மீட்டர், 8,800 அடி சொச்சம். முகாம் அதுக்கும் மேல. உடம்பு உயரத்துக்குப் பழக, இங்கத்துத் தலைநகர் டென்வர்ல ரெண்டு நாள் தங்கி, நடுவுல ஒரு ராத்திரி நின்னு ஏறுங்க. ஒளிர் ஆரஞ்சு இல்லேன்னா ஒளிர் பிங்க் நிறத்துல மேலுடையும் தொப்பியும் வேட்டைக்காரருக்குக் கட்டாயம், நீங்களும் போட்டுக்குங்க.

தேயிலைக்காரன், மூணாறு:
மச்சான்கிட்ட தூரம் கேட்டேன். வண்டியிலிருந்து முகாமே ஏழு கிலோமீட்டராம்! குதிரை வாடகைக்குக் கிடைக்குமா?

பீர்மேட்டுக்காரன், கொலராடோ:
கிடைக்கும். சீசனுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும், இன்னைக்கே பேசச் சொல்லுங்க. குதிரை இல்லேன்னா முகாமை ரோட்டுப் பக்கம் மாத்துங்க.