மார்கழிக் காலையில மட்டும் அடைக்கிற அடுக்களைக் குழாய் – செங்கோட்டை, பழைய வீடு (உதவி)

தார்சா வீட்டுக்காரன்:
தாத்தா காலத்து ஓட்டு வீடு. அங்கணத்துத் தண்ணி முன்னால மண் குழாய் வழியா பொறவாசல் வாறுகாலுக்குப் போயிட்டு இருந்துச்சு. தரைக்குள்ள அந்தக் குழாய் வெடிச்சதுனால, வெளிச்சுவரை ஒட்டி 3 இஞ்சு பிவிசி இழுத்து, கடைசில பொறவாசல்ல மிச்சம் இருந்த மண் குழாய்லயே சொருகிட்டாங்க. ஐப்பசி மழை வரைக்கும் ஒரு குறையும் இல்ல. மார்கழி பொறந்ததுல இருந்து காலைல பாத்திரம் கழுவுத தண்ணி அங்கணத்துலயே நிக்கி. மதியம் ஆனா கொடகொடன்னு தானா இறங்கிருது. அம்மா தினமும் கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்துதா. அந்நேரத்துக்குச் சரியாவுது, மறுநா அதே கததான். ப்ளம்பர் உள்தரையப் பேத்துப் பழைய வழியிலயே புதுசாப் போடணும்ங்காரு. பழைய சிவப்பு சிமெண்டுத் தரை, பேத்தா அந்த வழுவழுப்பு திரும்ப வராது. வேற வழி இருக்கா?

கடையநல்லூர் மாப்ள:
ஆசிட் ஒரு பாட்டில் ஊத்துங்க. கத முடிஞ்சு.

ஓய்வு ஓவர்சியர்:
ஆசிட் வேண்டாம் தம்பி. எண்ணெய்ப் பசை ஆசிட்டுக்குக் கரையாது. கரையிறது சிமெண்டுப் பூச்சும் உங்க சிவப்புத் தரையும்தான். முன்னால யாராவது ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தா குளோரின் புகை கிளம்பும், மூடின அடுக்களையில அது விளையாட்டு இல்ல. காஸ்டிக் சோடா எண்ணெய சோப்பாக்கும், உண்மைதான். ஆனா தண்ணி தேங்கி நிக்கிற குழாயில போட்டா சூடாகித் தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வையே போயிரும்.

எனக்குச் சிலது தெரியணும். சமையலுக்கு என்ன எண்ணெய்? போர் தண்ணியா? சோறு வடிச்ச கஞ்சி எங்க போவுது? வெளிக்குழாய் எந்தச் சுவர்ல, எத்தன கிளாம்ப்?

தார்சா வீட்டுக்காரன்:
தேங்காய் எண்ணெய்தான் அண்ணாச்சி. 1956 வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்த ஊருல்லா, எங்க வீட்டு நாக்கு இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரல. போர் தண்ணி, பாத்திரத்துல வெள்ளையா உப்புப் படியும். கஞ்சி சூடா அங்கணத்துலதான் வடிக்கோம். குழாய் வடக்குச் சுவர்ல ஒரு 12 அடி. கிளாம்ப் ரெண்டு முனையில மட்டும். நீங்க கேட்டப்புறம் போய்ப் பாத்தேன், நடுவுல தொட்டில் மாதிரி தொங்குது.

ஓய்வு ஓவர்சியர்:
அதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கத்துல உறையும். மார்கழி விடியக்காலைல உங்க ஊர்ல அதுக்குக் கீழ இறங்கிரும், பாட்டில்ல பாத்திருப்பீங்க. வடக்குச் சுவர்ல இந்த மாசத்துல வெயிலும் விழாது. அடைப்பு இந்த வெளிக்குழாயிலதான், அதனால உள்தரையில கை வைக்காதீங்க.

தொங்கலுக்குக் காரணம் கஞ்சியும் வெந்நியும். பிவிசி 80 டிகிரி பக்கத்துல இளகிரும். கொதிக்கிற தண்ணிய நாள் தவறாம ஊத்தினா, தாங்கலே இல்லாத இடத்துல குழாய் வளையாம என்ன செய்யும்? வளைஞ்ச வயித்துல தண்ணி நிக்குது, ராத்திரி எண்ணெய் மேல மிதந்து அப்படியே கட்டியாவுது. போர் தண்ணியிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போட சேந்து பிசுக்காப் படியும், அது வெயில் வந்தாலும் உருகாது. அதனால வருஷா வருஷம் துவாரம் சின்னதாகும். வெந்நி இளக்கின எண்ணெயும் எங்கயும் தொலைஞ்சு போகல, கீழ மண் குழாயில போய் மறுபடி உறையுது.

ரசமட்டம் வச்சுப் பாருங்க. 40 அடிக்கு 1 அடி சரிவு வேணும். உங்க 12 அடிக்கு மூணரை இஞ்சு இறக்கம்.

வின்னிபெக் நெல்லைக்காரன்:
நானும் பாவூர்சத்திரம்தான், இப்ப கனடா. இங்க ஜனவரில மைனஸ் 30 வரும், தண்ணியே உறையும். அப்பவும் சரிவு ஒழுங்கா இருக்க கழிவுக் குழாய் லேசுல உறையாது, தண்ணி நிக்காம ஓடிரும்லா. தொங்கின இடத்துல தேங்கினதும், மூடாத பைப்புல இருந்து சொட்டுச் சொட்டா ஒழுகுறதும்தான் ஐஸாகி ஐஸாகிக் குழாய மூடும். மின்சார ஒயர் சுத்திச் சூடாக்குவாங்க, பஞ்சு கட்டுவாங்க, எல்லாம் உண்டு. ஆனா பழைய வீடுன்னா முதல்ல சரிவைத்தான் பாக்கச் சொல்லுதாங்க. அண்ணாச்சி சொல்லுதது எங்க ஊருக்கும் பொருந்தும்.

பொறவாசல் அக்கா:
கஞ்சிய மாட்டுக்கு வைங்க. மாடு இல்லாட்டி ஆறவச்சு ஊத்துங்க. அப்பளம் பொரிச்ச சட்டிய அப்படியே கழுவாம, பழைய பேப்பரால துடைச்சு, சீயக்காத்தூள் போட்டுத் தேய்ச்சு வழிச்சுக் குப்பையில போட்டுட்டுக் கழுவணும். திருவாதிரைக் களி கிண்டின உருளி இருக்கே, அந்த நெய்யும் தேங்காய் எண்ணெய்க்கு அண்ணன்தான்.

தார்சா வீட்டுக்காரன்:
வேற ப்ளம்பரக் கூப்பிட்டுக் குழாயக் கழத்தியாச்சு. தொங்கின இடத்துல பாதிக்கு மேல வெள்ளையா மெழுகுக் கட்டி, குச்சியால குத்தினாத்தான் வந்துச்சு. அது போக, சொருகின எடத்துல பிவிசி முனை மண் குழாய்க்குள்ள ரொம்ப நீட்டிக்கிட்டு, சுத்தி சிமெண்டு வழிஞ்சு கெடந்துச்சு, அதுலயும் சோறும் நாரும். முனைய வெட்டி, சிமெண்ட உடைச்சு, மூணு அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு, மூணரை இஞ்சு இறக்கம் கொடுத்திருக்கு. திருப்பத்துல டோர் பெண்டு (திறக்கிற மூடி வச்ச வளைவு) வச்சாச்சு, இனிமே அடைச்சா திறந்து ஸ்பிரிங் விட்டுக்கலாம். இன்னைக்குக் காலைல நல்ல குளிரு, தண்ணி நிக்கல.

ஒரு சந்தேகம் அண்ணாச்சி: அங்கணத்துக்கும் குழாய்க்கும் நடுவுல எண்ணெய் தேங்குறதுக்கு ஒரு தொட்டி கட்டலாமா?

ஓய்வு ஓவர்சியர்:
கட்டலாம், ஆனா வெளிய, நிழல்ல. தண்ணி தொட்டியோட அடியில இருந்து வெளியேறுற மாதிரி டீ (T வடிவக் குழாய்த் துண்டு) போடுங்க, எண்ணெய் மேலயே நின்னுக்கிடும். மூடி கையால தூக்குற கனமா இருக்கணும். இல்லன்னா யாரும் திறக்க மாட்டீங்க.

பொறவாசல் அக்கா:
வாரம் ஒரு தடவ யாரு வழிப்பான்னு இப்பவே பேசி வச்சுக்கோங்க. அம்மா தலையில கட்டிராதீங்க.

தார்சா வீட்டுக்காரன்:
நான்தான் அக்கா. ஏற்கனவே சொல்லியாச்சு.